வெள்ளிக்கிழமை பிடிக்கும் ஷட்டர்

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசப் பேசப் பேத்தி எழுதிக்கொள்கிறாள். சந்தோஷமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் யாரும் சாகவில்லை.

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போது அலமாரியில் டம்ளர்கள் தாமே பேசிக்கொள்ளும். புதிதாக வந்தவர்கள் மிரளுவார்கள். நாங்கள் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அந்த வீட்டை ஒட்டித்தான், தொண்ணூறுகளில், என் மகன் தன் வாடகைக் காருக்குத் தகர ஷெட் போட்டான். முன்னால் இரும்பு ஷட்டர். உள்ளே ஒரு பல்பு, பேட்டரி சார்ஜ் போட ஒரு பிளக். தகரத்தில் ஓட்டை போட்டு, சமையலறையிலிருந்து வயர் இழுத்தான். எர்த்துக்கு ஒரு வயர் சேர்த்து வாங்கச் சொன்னாராம் கடைக்காரர்.

“ரெண்டு வயர்லயே பல்பு எரியுது. மூணாவது இன்னாத்துக்கும்மா?” என்றான். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசற்படி, கார், ஷட்டர் எல்லாவற்றையும் கழுவி மஞ்சள் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். முதலில் நான்தான் வைத்தேன். படப்பையிலிருந்து மருமகள் வந்ததும் அந்த வேலை அவளுக்குப் போனது. வந்த நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குங்குமக் கிண்ணம் உருள, ஓடி வந்தாள்.

“அத்தை, உள்ளேருந்து யாரோ என் கையைப் புடிச்சி இழுக்குறாங்க.”

மகன் செருப்போடு போய் ஷட்டரைத் தட்டினான். “எனக்கு ஒண்ணும் இல்லியே?”

அடுத்த வெள்ளியும் அதே. மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. தெருநாய் மழை பெய்தால் அங்கே படுக்காது, தள்ளி நின்று ஷட்டரையே பார்க்கும். காதை வைத்தால் தகரத்துக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் கேட்டது. நான் கேட்டேன். பொய் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி தன் பங்குக்கு வந்தாள். அவள் வைக்கும் வத்தக்குழம்பு மாதிரி தாம்பரம் வரைக்கும் யாரும் வைக்க முடியாது, ஆனால் வாய் மட்டும் சரியில்லை. “அந்த எடத்துல கெணறு இருந்திச்சிக்கா. ஒரு பொண்ணு வுழுந்துட்டா. தூத்துட்டுதான் மனை போட்டாங்க. இப்போ உன் மருமவ மேல ஏறிக்கினு கீது.”

அந்தப் பேச்சு தெரு முழுக்கப் போயிற்று. மனைவி கையால் சோறு வாங்க மகன் பயந்தான். பூசாரியை அழைத்தோம். ஒன்பது குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றி, ஈரத்தோடு இரண்டு கையையும் ஷட்டரில் வைத்து, ‘நான் யார்’ என்று அவளையே சொல்ல வைக்க வேண்டும். இறங்காவிட்டால் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்றார். படப்பைக்கு ஆள் போய், அவள் அப்பாவும் வந்துவிட்டார். அவள் டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு அப்போது குதிகால் வெடிப்பு, புழுக்கம் வேறு. மகனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். எட்டாவது குடம் ஊற்றும்போது ஷட்டரில் வேப்பிலை செருகப் போனேன். கை பட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“செருப்போடயா சாமி காரியம்?” என்று பூசாரி அதட்டினார்.

கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்று தொட்டேன். பிடித்தது பாருங்கள்! முழங்கை வரைக்கும் எலும்பே கூசியது. கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தேன். கூட்டம் ‘ஆத்தா’ என்றது. “மாமியாளையும் புடிச்சிட்டா!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மருமகள் சொட்டச் சொட்ட, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஷட்டருக்கு நேராக நடந்தாள்.

“தொடாதடீ! அப்டியே நில்லு!” என்று கத்தினேன். “எந்தப் பேய்யா செருப்பைப் பாத்துட்டு ஆளைப் புடிக்கும்? டேய், மெயினை எறக்குடா!”

மகன் ஓடிப்போய் இறக்கினான். முனகல் நின்றது. இத்தனை நாள் அது எங்கள் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த அமைதிதான் இன்றுவரை என் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

மறுநாள் வயர்மேன் வந்தார். தகர விளிம்பு, விமானம் போகும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து, வயர் மேல் தோலை அறுத்திருந்தது. அந்தக் கரண்ட்தான் தகரம் வழியாக ஷட்டருக்கு வந்து, வெள்ளிக்கிழமை கழுவின ஈரத்தில் வெறுங்காலோடு நின்றவளைப் பிடித்தது. “ஒம்பது குடம் தண்ணியா? ரெண்டு கையா? நல்லாக் கொள்ளி வெக்கப் பாத்தீங்க,” என்றார். மீட்டர் பலகையிலிருந்து தனி லைன் இழுத்து, தனி ஃபியூஸ் வைத்து, வயரைக் குழாய்க்குள் விட்டார். குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த்து போட்டார். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

ஆனால் முந்தின நாள் நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. மெயின் இறங்கியதும் மருமகள் தலையைத் துவட்டினாள், புடவை மாற்றினாள், டிரங்குப் பெட்டியைத் தூக்கினாள்.

“அதான் பேய் இல்லைன்னு ஆயிடிச்சே,” என்றான் மகன்.

“பேய் புடிச்சவளா நீங்க அனுப்புனா போமாட்டேன்,” என்றாள். “இப்போ நானா கோச்சிக்கினு போறேன். வாப்பா.”

நான் தடுக்கவில்லை. பஸ்ஸில் போகும் வழியில் சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்தேன். என் மகன் மூன்று முறை படப்பைக்குப் போய் நின்ற பிறகுதான் வந்தாள்.