பெட்டியின் மேல் வைத்த பொட்டு

காலையில் முதல் தடவை சாவி போடும்போது மட்டும் அந்தச் சத்தம் வரும். தகர டப்பாவுக்குள் சோழியைக் குலுக்கியதுபோல் கொஞ்ச நேரம் கலகலத்துவிட்டு, அப்புறம் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். கங்கைக் கரையோரம் இருந்த கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தப் பழைய கார் ஒன்றுதான் எங்களுக்குப் பெருமை. எட்டு வயதுப் பெண்ணான எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அப்பாவுக்கு மட்டும் அதைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

அம்மா நிறைமாதமாக இருந்தாள். நான் பிறந்தபோது அவள் பிழைத்ததே முருகன் புண்ணியம் என்பார்கள். அதனால் இந்தத் தடவை வலி கண்டதும் தாமதிக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியோ லேக் மார்க்கெட் பக்கம். நடுவில் கப்பல் வந்தால் திறந்துகொள்ளும் துறைமுகத்து டாக் பாலம் வேறு.

கேட்டுக்கு எதிரே ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கை நான் சாச்சா என்று கூப்பிடுவேன். அவர்தான் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்பாவுக்கு விளக்கினார். எஞ்சினுக்குள் சைக்கிளுக்கு இருப்பதுபோல ஒரு சங்கிலி ஓடுகிறதாம். டென்ஷனர் என்கிற சின்ன உருப்படி, எண்ணெயின் பலத்தில் அதைத் தளராமல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறதாம். இப்போது அதற்குப் பிடி குறைந்துவருகிறது. இன்னும் ஒரு வருஷம் ஓடினாலும் ஓடும். நாளைக்கே சங்கிலி பல் தாண்டி, எஞ்சின் நடுத்தெருவில் நின்றாலும் நிற்கும்.

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அவரைச் சும்மா விடவும் இல்லை.

“ஓடுற வண்டிய எதுக்கு அத்தான் பிரிக்கிறீங்க? நல்ல பல்லப் பிடுங்கிட்டு பல்செட் கட்டுற மாதிரில்ல இருக்கு!”

“நல்ல பல்லு இல்லடா, ஆடுது. விழுற அன்னைக்கு நம்மகிட்ட சொல்லிட்டா விழும்?”

கடைசியில் அப்பா சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டார்; வெள்ளை வந்தால் மாற்றுவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. என்னைத்தான் எடுக்கச் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைப் பூ. மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

புது டென்ஷனர் வந்து சேர்ந்தபோது ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. பூஜையில் வைக்காமல் அதை எஞ்சினுக்குள் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்பேனர்களுக்கு நடுவே வாழையிலையில் வைத்தார். அம்மாவால் குனிய முடியாததால் தானே சந்தனம் கரைத்து, பக்கத்துக்கு ஒரு பொட்டாகத் தாராளமாக வைத்துக் குங்குமமும் இட்டார். விஜயதசமிவரை அதை யாரும் தொடக் கூடாது. சாச்சாவும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

தசமியன்று காலையில் எங்கள் வாசலிலேயே வண்டியின் முன்பக்கம் பிரிக்கப்பட்டது. பழையதைக் கழற்றிப் புதியதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து மாட்டினார் சாச்சா. அப்பா கற்பூரம் காட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

சோழிச் சத்தம் இல்லை இப்போது, சம்மட்டி அடி. சாச்சா கையை வீசிக் கத்தினார். அப்பா அணைத்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. “என்னங்க...” என்றாள். அவ்வளவுதான்.

மாமா டாக்சி தேடி ஓடினார். துர்க்கை சிலையைக் கங்கையில் கரைக்கும் நாள். ஊரே தாக் என்னும் பூஜை மேளத்துக்குப் பின்னால் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்து, “பழசையே மாட்டுய்யா!” என்று கூவினார். சாச்சா அதற்குள் மறுபடியும் பிரித்துப் புதியதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிலோ கண் நிலைத்தது. ஊசி ஏதாவது வேண்டும் என்று கேட்டார். அம்மா வலியோடு வலியாகத் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். நான்தான் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

எண்ணெய் போகும் மயிரிழை ஓட்டைக்குள் ஊக்கைவிட்டுக் குடைந்தார். மஞ்சளாக, காய்ந்த பசைபோல ஏதோ உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற எனக்குப் பூஜை அறை வாசம் அடித்தது. சாச்சா அதைத் துணியில் துடைத்தார். ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“என்னதான்யா கோளாறு?” என்றார் மாமா.

“மேரி கல்தி ஹை, பாபு.” தப்பு தன்னுடையதுதான், ஓட்டையைப் பார்க்காமல் மாட்டிவிட்டதாகச் சொன்னார். மாமா வாய்க்கு வந்தபடி திட்டினார். சாச்சா தலை நிமிராமல் மாட்டிக்கொண்டே இருந்தார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முனகினாள்.

இந்தத் தடவை சாவி திரும்பியதும் எஞ்சின் பூனைபோல் முனகியது. டாக் பாலம் திறந்திருந்தது. கப்பல் ஒன்று அவசரமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அப்பா எஞ்சினை அணைக்கவில்லை. “முருகா, முருகா” என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையை நசுக்கினாள். வண்டி நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் தம்பி பிறந்தான். பழைய டென்ஷனர் அதுவரை தாங்கியிருக்குமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா புது ஸ்பார்க் பிளக்குகளைப் பெட்டியைப் பிரிக்காமலே இலையில் வைத்தார். பொட்டு பெட்டியின் மேல்தான். பூஜை முடிந்ததும் முதல் சுண்டலைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, தானே சாச்சாவின் ஷெட்டுக்குக் கிளம்பினார்.

“தப்பு பண்ணினவருக்கு எதுக்குப்பா மொதல் சுண்டல்?” என்று கேட்டேன்.

அப்பா சட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே நின்றார். சாச்சாவை அவர் மன்னித்துவிட்டார்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவரோடு நானும் நடந்தேன்.