வேலிக்கு இந்தப் பக்கம் தின்ற பலகாரம்

மகள் மெலிந்துவிட்டாள் என்பது ஒரு லோரி டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சிகாமட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கு வருகிறவர் அவர். துறைமுக அலுவலகத்தில் என் கணவரைப் பார்த்தபோது, "டிரசர் சம்சாரத்தப் பாத்தேங்க. ஆளு பாதியா போயிட்டாங்களே" என்று சொல்லியிருக்கிறார். கணவர் அதைச் சாயங்காலம் கோப்பி குடித்துக்கொண்டே, வேறு இரண்டு செய்திகளுக்கு நடுவில், என்னிடம் சொன்னார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. அவளுக்கு அப்போது ஏழாவது மாதம்.

அந்த வருடம் அவளுக்குத் தலைதீபாவளி வேறு. மகளும் மருமகனும் மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் மருமகன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். மருந்து கொடுக்க, கட்டுப்போட எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். லீவு கிடைக்கவில்லை. அவரை விட்டு அவள் வரமாட்டாள். அந்த வயிற்றோடு இரண்டு பஸ் மாறி வரச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. பலகாரம் செய்து நானே கொண்டுபோவது என்று தீர்மானித்தேன்.

"பொம்பள தனியா அவ்வளவு தூரம் போவியா?" என்றார் கணவர்.

"நாப்பது புள்ளைங்கள வகுப்புல மேய்க்கிறவளுக்கு ரெண்டு பஸ்சு மாறத் தெரியாதா?"

"புள்ளைங்க நீ சொன்னா கேக்கும். பஸ்சு கேக்குமா?"

அவருக்கு எல்லாமே இப்படித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கடைகளில் கட்டிய கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. பள்ளி விடுமுறை தொடங்கிய அன்றே நான் மாவு அரைக்கக் கொடுத்துவிட்டேன். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய்யுருண்டை ஆகியவற்றை என் அடுப்பிலேயே முடித்தேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து உயிர் குவே பாஹுலுவில்தான். முட்டையும் சீனியும் நுரைக்க அடித்து, மாவு கலந்து, பித்தளை அச்சில் ஊற்றி, மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துச் சுடுகிற சின்னக் கேக் அது. அதற்கு மட்டும் நான் கம்போங் செட்டியில் இருந்த என் சிநேகிதி வீட்டுக்குப் போனேன்.

அவள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிக் குடும்பத்துப் பெண். கோயிலில் எங்களோடு சாமி கும்பிடுவாள், நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு மட்டும் மலாய். தமிழில் அவளுக்கு வருவது 'அக்கா', 'சாமி', 'பொங்கல்' போன்ற சில சொற்கள்தான். என்னிடமும் மலாயில்தான் பேசுவாள், நானும் அப்படியே. கொல்லைப்புறத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் முட்டை அடித்தேன், அவள் நெருப்பைப் பார்த்தாள். என்னால் ஒரு நிலையில் இருக்க முடியவில்லை. முதல் அச்சு ஏறியதும் இரண்டு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உப்பி வந்த கேக்குகள் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டன.

"சபார்லா, அக்கா" என்றாள். பொறுமையாக இரு என்று அர்த்தம். பிறகு மலாயிலேயே சேர்த்துக்கொண்டாள்: "உன் மருமகன் உனக்குப் பிரசவம் பார்க்கும்போது இப்படித்தான் திறந்து திறந்து பார்ப்பாரா?"

"எனக்கு எதுக்குப் பிரசவம்?"

"மகளுக்குப் பதிலாக நீதான் பெத்துப்போடுவாய்போல இருக்கிறதே, முகத்தைப் பார்த்தால்."

அவள் என் கையைத் தட்டிவிட்டு மூடியின்மேல் கரித்துண்டுகளைப் பரப்பினாள். அடுத்த அச்சு பொன்னிறமாக எழுந்தது. குழி விழுந்தவற்றை அவளுடைய பிள்ளைகள் சூடு ஆறுவதற்குள் தின்று தீர்த்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு வைத்து அனுப்ப வேண்டியதை அன்று மாலையே அவசரமாக அனுப்பி முடித்தேன். எந்த வீட்டுக்கு எது போயிற்று என்றுகூட எனக்கு நினைவில்லை. நல்லது எல்லாம் மூன்று ரொட்டி டின்களில் மகளுக்காக இருந்தது. நமத்துப் போகாமல் இருக்க மூடியைச் சுற்றிப் பசை தடவித் தாள் ஒட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். தங்காக்கில் இறங்கி, சிகாமட் போகும் பஸ்ஸில் மாறி உட்கார்ந்தேன். ஒரு டின் மடியில், இரண்டு காலடியில். பக்கத்து இருக்கையில் ஒரு துணி வியாபாரி, தொப்பி வைத்த தமிழ் முஸ்லிம், தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். கொஞ்ச நேரம் என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, டின்னுல என்னா?"

"பலகாரம். மக வீட்டுக்கு."

எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பெர்மிட்டு வச்சிருக்கீங்களா?"

"பலகாரத்துக்கு என்ன பெர்மிட்டு?"

"மலாக்காவுலேருந்து வர்றீங்க, அதான்! அங்க உங்களுக்கு எல்லாம் தொறந்து விட்டாச்சி. இங்க காட்டுக்குள்ள இன்னும் ஆளு இருக்கான். அவனுக்குச் சோறு போயிறக் கூடாதுன்னு, வீட்டுல ஒரு பிடி அரிசி வச்சிருந்தாலே உள்ள தூக்கிப் போடுறான். பொதுவுல சோறா ஆக்கித்தான் குடுக்கிறான். நீங்க என்னடான்னா மாவும் சீனியும் டின்னு டின்னா கொண்டு போறீங்க. ஒட்டி வேற வச்சிருக்கீங்க!"

அவர் சொன்னது உண்மை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் போட்ட அவசரகாலக் கட்டுப்பாடுகளை மலாக்காவில் எடுத்துச் சில வருடம் ஆகியிருந்தது. ஊரடங்கும் சோதனையும் எங்களுக்குப் பழைய கதை. மகள் கம்பி வேலிக்குள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலி பலகாரத்தையும் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இப்ப என்ன செய்யறது?" என்றேன்.

"இங்கயே தொறங்க. பஸ்சுல உள்ளவங்க எல்லாம் சேந்து தின்னு முடிச்சிருவோம், சாட்சியே இருக்காது." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. மறைக்காதீங்க, அவ்வளவுதான். மறைச்சாத்தான் வம்பு."

அவர் எனக்கு முன்பே இறங்கிப் போய்விட்டார். மீதி வழியெல்லாம் நான் ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே போனேன். திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்தேன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்தேன். ஆளு பாதியா போயிட்டாங்களே என்ற அந்தப் பேச்சுதான் என்னை இருக்கையில் பிடித்து வைத்திருந்தது.

தோட்டத்து வாசலில் முள்கம்பிக் கதவு. ஓர் இளம் மலாய்க் காவலர் துப்பாக்கியோடு நின்றார். பெண்களைச் சோதிப்பதற்கு ஒரு தமிழ்ப் பெண், சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாம்மா இது, கல்யாணச் சீரா?" என்றாள்.

"என் மகளுக்கு. டிரசர் சம்சாரம்."

"டிரசரம்மாவோட தாயாரா!" எழுந்து வந்து ஒரு மூடியைத் திறந்தாள். குனிந்து மூச்சை இழுத்தாள். "நெய்யி" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு மூடியைப் போட்டுவிட்டாள். "உள்ள போவாதும்மா. வெள்ளரிப் பிஞ்சுகூடக் கணக்குதான்."

நான் காவலரிடம் மலாயில் கேட்டேன். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது, அதற்காக வெட்கப்பட்டு மறுபடியும் மெதுவாகக் கேட்டேன். சிகாமட்டில் பெர்மிட் வாங்க வேண்டும், அலுவலகம் தீபாவளி கழிந்துதான் திறக்கும் என்றார். வெளியாள் உள்ளே போக வேண்டுமானால் துரையின் கையெழுத்து வேண்டும், துரையும் இல்லை. அவருக்கும் என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, "மகள் வெளியே வந்து இங்கேயே சாப்பிட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்றார்.

"ஆமாம்மா. வயித்துக்குள்ள போனத நான் எங்க தடவிக் கண்டுபுடிக்கிறது?" என்றாள் அந்தப் பெண்.

ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் வேலியோரமாக நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வருவாளா, வரமுடியாத அளவுக்குப் படுத்துக் கிடக்கிறாளா என்று மனம் கண்டபடி ஓடியது. கடைசியில் தோட்டத்து லோரி ஒன்று வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து அவள் மெதுவாக இறங்கினாள்.

டிரைவர் மிகைப்படுத்தவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையைத் தூக்கியபோது வளையல்கள் முழங்கைவரை வழிந்தன. வயிறு மட்டும்தான் அவள்.

"ஏம்மா இப்டி வந்து நிக்கிறீங்க? எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"மொதல்ல சாப்பிடு."

"அப்பா எப்டி இருக்காரு?"

"சாப்பிடுடி. லோரி கொஞ்ச நேரந்தான் நிக்குமாம்."

வேலியோரத்து மரத்தடியில் ஒரு கட்டையில் அவளை உட்கார வைத்தேன். ஒரு பாஹுலுவை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொன்று. ஏன் இப்படி ஆகிவிட்டாய் என்று கேட்டேன். பொதுச் சமையலில் ஆக்கிய சோறு வீட்டுக்கு வந்து சேரும்போதே வாடை அடிக்கிறது, குமட்டுகிறது, வெளியே வந்துவிடுகிறது என்றாள். "அவரு மாத்திர குடுத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நீங்க பயப்படாதீங்க."

அந்த நேரத்தில் ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போக வரிசையில் நின்றார்கள். எங்களைப் பார்க்காததுபோல எல்லாரும் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகளின் தாடை அசைவது நின்றது.

"அம்மா, இவங்களுக்கும் குடுங்க."

"உனக்குன்னு செஞ்சதுடி இது."

"தீபாவளிக்கு இவங்க வீட்டுல ஒரு பிடி மாவு கெடையாதும்மா."

"இருக்கட்டும். நீ ரெண்டு உசுரு. நீ தின்ன பெறகு பாப்போம்."

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். "நாளைக்கு எனக்கு வலி எடுத்தா இவங்கதான் ஓடி வருவாங்க. நீங்க அங்க இருப்பீங்க. இவங்க முன்னால நான் மட்டும் எப்டிம்மா முழுங்கறது?"

அவள் எழுந்து டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையை நோக்கிப் போய்விட்டாள். நான் மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

முதலில் யாரும் கை நீட்டவில்லை. காக்கிச் சட்டைக்காரிதான் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "வாங்கடி, இங்கயே தின்னு இங்கயே வாயத் தொடைக்கணும்" என்றாள். அதோடு வரிசை கலைந்தது.

"டிரசரம்மா, உங்கம்மாவ மாசாமாசம் வரச் சொல்லுங்க!"

"ஏய், பொடி சிந்தாத. அதுக்கும் பெர்மிட்டு கேப்பாங்க."

"இவ மடியத் தடவிப் பாருங்கக்கா, ரெண்டு உருண்டைய ஒளிச்சிட்டா."

"ஒளிச்சது உருண்ட இல்லடி, மூணாவது புள்ள!"

பிள்ளைகளையும் கதவைத் தாண்டி வெளியே விட்டார்கள். காவலர் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள், மகளும் சிரித்தாள். நான் மட்டும் டின்னுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கை உள்ளே போகும்போதும் மிச்சத்தை எண்ணிக்கொண்டேன். ஒரு கையால் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டு, மறு கையால் நெய்யுருண்டையையும் அச்சு முறுக்கையும் மகளின் வாயில் திணித்தேன். அவள் அதை வாங்கிப் பாதியைப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்குக் கொடுத்தாள். நான் மறுபடி திணித்தேன். அவள் மறுபடி பங்கு வைத்தாள்.

லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். மகள் உள்ளே போவதற்கு முன்னால் காக்கிச் சட்டைக்காரி அவளையும் தடவிப் பார்த்தாள். அது அவள் வேலை. கை வயிற்றின்மேல் வந்ததும், "இது ஒன்னுதான் பெர்மிட்டு இல்லாம போவுது" என்றாள். மறுபடி ஒரே சிரிப்பு. மகள் லோரியில் ஏறி, வெறும் கையை என்னைப் பார்த்து ஆட்டினாள். கதவைச் சாத்தினார்கள்.

பேரன் அந்த வேலிக்குள்ளேயே பிறந்தான், நல்லபடியாக. அவள் சொன்னதுபோல அந்தப் பெண்கள்தான் உடன் இருந்தார்கள். எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் செய்தி வந்தது. இப்போது வேலியைப் பிரித்துவிட்டார்கள். அவசரகாலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். மகள் உடம்பு தேறிவிட்டாள், பேரன் ஓடுகிறான். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்று கணவர் எனக்கு அடிக்கடி சொல்கிறார்.

ஆனாலும் அந்த மரத்தடி என்னை விடவில்லை. அவள் வாய்க்குள் உண்மையாகவே எவ்வளவு போயிற்று என்று மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன். பாஹுலு இரண்டு, அது நிச்சயம். உருண்டை ஒன்றா, பாதியா? போன மாதம் அவள் வந்திருந்தபோது மறுபடியும் கேட்டேன்.

"நெறையத்தாம்மா தின்னேன்" என்றாள், பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே.

"நெறையன்னா எவ்வளவு?"

"வயிறு நெறைய."

அவள் என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னாள்.