மஞ்சள் எங்கள் வண்டி, குங்குமம் அவன் வண்டி

எனக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று என் வீட்டுக்காரர் பத்துப் பேர் முன்னால் சொல்லுவார். தெரியாமல்தான் இருந்தேன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கிராங்க் என்றால் என்ன, அதைப் பிடித்து நிறுத்துகிற கேப் என்றால் என்ன என்று சொல்லுவேன். தெரிந்து என்ன கிழிக்கப்போகிறேன்.

இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன. ஒன்று இவருடையது, ஒன்று இவர் தம்பியுடையது. இரண்டும் ஒரே மாடல், இரண்டுமே கிழடு. படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் உள்ள சின்னப் பட்டறைகளுக்கு அட்டைப்பெட்டி, தண்ணீர் கேன், இரும்புத் துண்டு என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஓட்டினார்கள். ஒரே கோடையில் இரண்டும் படுத்துக்கொண்டன. எங்கள் வண்டி தண்ணீர் வற்றிக் கொதித்து, இஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டது. கியரும் மூன்றாவதில் நிற்காமல் துள்ளும். கொழுந்தன் வண்டியை மண்ணூர் பக்கம் ஒரு டிரெய்லர் இடித்துவிட்டுப் போனதில் சேசிஸ் வளைந்துபோனது. அதன் கிராங்க்கும் ஏற்கெனவே தேய்ந்து கிடந்தது.

இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது என்று முடிவு செய்தார்கள். உடம்பு எங்களுடையது. பிளாக்கும் கியர்பாக்ஸும் அவனுடையது. உள்ளே சுற்றுகிற கிராங்க் எங்களுடையது. வாரத்துக்கு ஒருவர் மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்வது. இவர் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், அதனால் வெளியாள் வேண்டாம் என்றார்.

இவரைவிட அவனுக்குத்தான் அந்த வண்டி வேண்டியிருந்தது. வயது நாற்பத்து நான்கு. எங்களைச் சுற்றி இத்தனை கம்பெனி இருக்கிறது, அந்த வயதுக்காரனுக்கு கேட்டுக்கு உள்ளே ஒரு வேலையும் கிடையாது. கேட்டில் நிற்கலாம், அவ்வளவுதான்.

"செக்யூரிட்டிக்கு மட்டும் போவ மாட்டேன் அண்ணி," என்று அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து சொன்னான். "நம்ம நெலத்து மேல கட்ன கேட்ல நின்னுகினு, வர்றவன் போறவனுக்கெல்லாம் சல்யூட் அடிக்கறதா? இந்த வண்டி ஓடணும். ஓடலன்னா நான் அவ்ளோதான்."

"ஓடும், எழுந்திரு, சோறு ஆறுது," என்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

வேப்பமரத்தில் பாரம் தூக்குகிற சங்கிலிக் கப்பியை மாட்டி இரண்டு இஞ்சினையும் இறக்கினார்கள். வாசல் முழுக்கத் தார்ப்பாயை விரித்து சாமான்களைப் பரப்பி வைத்தார்கள். எது எந்த வண்டியுடையது என்று குழம்பக்கூடாதே. பெயிண்ட் இல்லை. கொழுந்தன் என் சாமி அலமாரியைத் திறந்து, எங்கள் வண்டிச் சாமானுக்கு மஞ்சளும் அவன் வண்டிச் சாமானுக்குக் குங்குமமும் தொட்டு வைத்திருக்கிறான். நான் அப்போது கம்பெனி கேன்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் எனக்கு எதைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு மதியம் ஷிப்ட். இவர் டீ குடிக்கப் போயிருந்தார், கொழுந்தன் கேஸ்கெட் வாங்க ஒரகடம் போயிருந்தான். தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சில சாமானில் மஞ்சள் இருக்கிறது, சிலதில் குங்குமம் இருக்கிறது. ஆம்பளைகள் பாதிப் பூஜையிலேயே எழுந்து போய்விட்டார்கள் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே உட்கார்ந்து மீதியை முடித்தேன். மஞ்சள் இல்லாததற்கு மஞ்சள், குங்குமம் இல்லாததற்குக் குங்குமம். ஒரு நட்டைக்கூட விடவில்லை. கற்பூரம் காட்டி, அந்த வண்டி ஓடவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

முதலில் இவர்தான் வந்தார். தார்ப்பாயைப் பார்த்தார்.

"யார் வெச்சது?"

"நான்தான். நீங்கதான் பாதில உட்டுட்டுப் போயிட்டீங்களே."

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. குந்தி உட்கார்ந்து, மஞ்சள் எது, குங்குமம் எது என்று மெதுவாகச் சொன்னார். பெரிய சாமானை அடையாளம் தெரிந்துகொள்ளலாமாம். கேப்புதான் சிக்கல். இஞ்சினுக்கு ஐந்து. ஒவ்வொன்றும் அந்தந்த பிளாக்கோடு சேர்த்தே கடைந்தது. இன்னொரு பிளாக்கில் வைத்தாலும் உட்காரும், போல்ட்டும் ஏறும். ஆனால் மயிரிழை மாறும். அந்த மயிரிழையில் கிராங்க் இறுகிவிடும். மேலே நம்பர் இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டு இஞ்சினிலும் அதே ஒன்றிலிருந்து ஐந்துதான்.

"லேத்துப் பட்டறைக்கு எடுத்துனு போனா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"போனா அவன்கிட்ட சொல்லணும். உன்ன இன்னா சொல்லுவான்? அவன் பொண்டாட்டி இன்னா சொல்லுவா? நான் பாத்துக்கறேன், நீ வாய மூடு."

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தார். கேப்புகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஐந்தை இந்தப் பக்கம், ஐந்தை அந்தப் பக்கம் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நானே மறுபடி மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்தேன். தெருக்குழாயில் ஒரு குடத்துக்காக ஊரையே இழுத்துச் சண்டை போடுகிறவள் நான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. கொழுந்தன் வந்து அடையாளம் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தான், இவர் பூட்டினார்.

நான்காம் நாள் இஞ்சின் பிடித்தது. கொழுந்தன் அழுதுவிட்டான். "அண்ணி, உங்க கையாலயே ஒரு பொட்டு வைங்க," என்றான். வைத்தேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குன்றத்தூர் மலைக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். கொழுந்தன்தான் ஓட்டினான். போகும்போது நன்றாகத்தான் போனது. ஒருவேளை இவர் சரியாகத்தான் வைத்தாரோ என்று எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திரும்பும்போது படப்பை தாண்டியதும் கீழே தட்டுகிற சத்தம் வந்தது. அப்புறம் கருகிய வாடை. அப்புறம் நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர்கள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பிரித்துப் பார்த்தார்கள். கிராங்க் கேப்போடு ஒட்டிப்போயிருந்தது, பிளாக்கும் பிளந்திருந்தது. இரண்டு வண்டியும் ஒரே நாளில் காயலான் கடைக்குப் போயின. இவர் இப்போது வேறொருவர் வண்டியில் லோடு ஏற்றி இறக்குகிறார். அந்தக் கேப்பைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசித் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொழுந்தன் செக்யூரிட்டிக்குப் போனான். வேறு எங்கேயும் கிடைக்காமல் என் கம்பெனி கேட்டிலேயே நிற்கிறான். கேன்டீன் ஆட்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தினமும் அவனிடம்தான் காட்டுகிறேன். சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புகிறேன், கேட்டுக்கு வந்ததும் பையை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். சொன்னால் அவன் தன் அண்ணனோடு பேச மாட்டான். சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

போன வாரம் பையைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். நான் அழப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அண்ணி வருத்தப்படறீங்க? உங்க கை ராசியான கை. மனசாரப் பொட்டு வெச்சீங்க. என் இஞ்சின்தான் தரித்திரம் புடிச்சது, உங்க வண்டியையும் சேத்து முழுங்கிச்சு," என்றான். "போங்க, டைம் ஆவுது."

பையை மூடிக்கொண்டு உள்ளே நடந்தேன். பின்னால் ஒரு கார் வந்தது. அவன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.