ஆறு இடத்தில் ஒழுகும் வீடு

உத்திரமேரூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் காஞ்சிபுரத்திலிருந்து சொல்லியனுப்பியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபதுகளின் கடைசி. நான் அரசுப் பள்ளியில் டீச்சர். ஆனாலும் காலனிக்காரி. ஊருக்குள் வேறு யாரும் எங்களுக்கு வீடு தர மாட்டார்கள். இது போனால் என் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பெருநகர் கிராமத்துக் காலனியில் இருக்கும் அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். நான் போவதாக இல்லை.

தரகர் முதலில் கூட்டிவந்தவர் வாசற்படியைச் சாண் போட்டு அளந்தார். ஈசான மூலை எது என்று கேட்டார். ஒரு தடவையாவது அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டுமே, அது கிடையாது. பிறகு தரகரிடம் தாழ்ந்த குரலில் யார் குடியிருப்பது என்று விசாரித்தார். பதில் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீடு தப்பியது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அன்று சோறு இறங்கவில்லை. இந்த வீட்டுக்கு நானா குறை? ஓடுகிறவர்கள் வீட்டின் குறையைப் பார்த்து ஓடட்டும் என்று முடிவுகட்டினேன்.

அதன் பிறகு வந்தவர்களுக்கு நானே முந்திக்கொண்டு சுற்றிக் காட்டினேன். ஒழுகுகிற ஆறு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பாத்திரம் வைத்த தடம். அடுக்களை உத்திரத்தில் கொண்டை ஊசியைக் குத்தினேன். ஊசி முழுசாக இறங்கி, செல்லரித்த தூள் கொட்டியது. சித்திரையில் கிணறு காய்வதையும் விடவில்லை. ஒரு சொல் பொய் கிடையாது. மூன்று பேர் வந்த வழியே போனார்கள்.

தரகர் போய் வத்திவைத்தார். வீட்டுக்காரர் கோபத்தோடு வந்திறங்கினார். அவரையும் சுற்றிக் காட்டினேன். பாதிக் குறை அவருக்கே தெரியாது. கடைசியில், வீட்டை எனக்கே விற்றுவிடுங்கள் என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ ஓட்டை கீதுன்னு நீயே சொல்லிக்கினு, இன்னாத்துக்கு டீச்சரம்மா வாங்கற?"

"மூணு பேரு ஓட்டையப் பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தரு என்னைப் பாத்துட்டுப் போனாரு. ரெண்டத்தையும் தெரிஞ்சிக்கினு இங்கயே கீற ஆளு நான்தான் சார்."

அவர் அண்ணாந்து உத்திரத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, இனி யாரையும் கூட்டிவர வேண்டாம் என்று தரகரிடம் சொன்னார்.

பத்திரம் முடிந்த மறுமாதம் ஐப்பசி மழை பிடித்தது. ஆறு இடத்திலும் பாத்திரம் வைத்துவிட்டு, எனக்குத் தெரியாததா என்ற மிதப்பில் கூடத்தின் நடுவே உட்கார்ந்தேன். உச்சந்தலையில் சொட்டியது. நான் கண்டுபிடிக்காத ஏழாவது ஓட்டை. பெண்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நகர்ந்து உட்காரச் சொன்னாள் பெரியவள். நான் நகரவில்லை.