நானே எழுதிய பரிந்துரைக் கடிதம்

எனக்கான பரிந்துரைக் கடிதத்தை எழுதியவள் நானேதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் படாமல் விட்டுவிட்டு இப்போது பட்டு என்ன ஆகப் போகிறது.

கிள்ளானில், சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ஜூனியராக வேலை செய்கிறேன். பாஸ், நான், எழுத்தர் வேலை பார்க்கும் கிராணி அக்கா என்று மூன்றே பேர். வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், அம்மாவோடு. அப்பா ரயில்வேயில் இருந்தவர், அவர் போய் ஆறு வருடமாகிறது. காலையில் ஊரே கோலாலம்பூரை நோக்கி வரும்போது நான் மட்டும் எதிர்த்திசையில் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவேன். உட்கார இடம் கிடைக்கும். என் பிழைப்பில் எனக்கு வாய்த்த ஒரே சொகுசு அதுதான்.

சட்டத்தையும் வணிக நிர்வாகத்தையும் சேர்த்துப் படிக்கும் முதுகலைப் பட்டத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பித்தேன். எதற்கு இரண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். காரணம் ஜெஞ்சாரோமில் லோரி நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த ஓர் அண்ணன் தம்பி. ஒன்றாகத் தொழில் செய்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். நிறுவனத்தைப் பிரிக்கும் தாள்களை நான்தான் தயாரித்தேன். ஒரு கமா கூடப் பிசகாமல் செய்தேன். இரண்டு பக்கமும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருடமே இருவர் தொழிலும் படுத்துவிட்டது, டிரைவர்கள் வேலை தேடி அலைந்தார்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒரு தொழிலைக் கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. சட்டம் எனக்குப் பிரிக்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. ஒரு தொழில் எப்படி உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னும் முப்பது வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து தாள் தயாரிக்க என்னால் முடியாது என்று மனசு அடித்துக்கொண்டது.

கூட்டுப் பட்டம் என்றால் என்ன என்பது விண்ணப்பித்த பிறகுதான் உறைத்தது. சட்டத்துறையும் வணிகத்துறையும் தனித்தனியாக நம்மைப் பார்க்கும். இரண்டும் சரி என்றால்தான் இடம். ஒன்று தலையாட்டி இன்னொன்று உதட்டைப் பிதுக்கினால் எதுவும் இல்லை. முதல் முறை விண்ணப்பித்த முந்தைய வருடம் வணிகத்துறைதான் என்னைத் தள்ளியது, நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதியில் நான் வாங்கிய மதிப்பெண் அப்படி. அதன் பிறகு சனிக்கிழமைகளில் சுபாங் ஜெயாவில் ஒரு வகுப்பில் சேர்ந்து, என்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து சதவீதக் கணக்குப் போட்டேன். அதில் ஒரு பெண் என்னை ஆன்டி என்றாள். பொறுத்துக்கொண்டேன். மதிப்பெண் ஏறியது. ஆனால் விண்ணப்பதாரர்களுக்கு அவர்கள் வைத்திருந்த வயது வரம்பை அடுத்த பிறந்தநாளோடு நான் தாண்டிவிடுவேன். ஆக, இதுதான் கடைசி முறை.

பரிந்துரைக் கடிதம் வேலை கொடுத்தவரிடமிருந்து வர வேண்டும். பாஸிடம் போய் நின்றேன்.

"பாஸ், நான் மேல்படிப்புக்கு எழுதிப் போடறேன். உங்க லெட்டர் ஒன்னு வேணும்."

"நல்லது லா. டிராஃப்ட் பண்ணி மேசையில வையி. சைன் பண்ணிடறேன்."

"இல்ல பாஸ், நான் எழுதக் கூடாதுன்னு ஃபாரத்துல போட்டிருக்கு. நீங்களேதான் எழுதணுமாம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்த ஆபீசுல என் பேர்ல போற லெட்டர நான் எப்ப எழுதியிருக்கேன்? சைன் போட்டா அது என் லெட்டர்தான். லோயருக்குப் படிச்சிட்டு இதுகூடத் தெரியாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. ஜூனியர் எழுதுவார், சீனியர் கையெழுத்திடுவார், கடிதம் சீனியருடையதாகிவிடும். அவரும் ஜூனியராக இருந்தபோது அப்படித்தான் எழுதிக் குவித்திருப்பார். விண்ணப்பத்தில் இருந்த அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். படித்துவிட்டு, இது நம்மைப் போன்ற ஆட்களைத் தெரியாதவர்கள் எழுதிய வரி என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். இன்னொரு தடவை அவரிடம் போய்க் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சவில்லை. பாஸை இரண்டாம் முறை கேட்பது எங்களுக்கெல்லாம் வராத கலை.

முதலில் எழுதிய கடிதம் பரிதாபமாக இருந்தது. நேரம் தவறாதவர், பணிவானவர், சொன்ன வேலையைச் செய்பவர். ஒரு காவலாளிக்கு எழுதியது போல இருந்தது. என்னை நானே மெச்சிக்கொள்ள எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதைக் கிழித்துவிட்டு, இவர் என்னைப் பற்றி நிஜமாகவே யோசித்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்து எழுதினேன். அப்போது கை ஓடியது. உணவகக் கூட்டாளிகள் இரண்டு பேர் நீதிமன்றத்துக்குப் போகாமல் என் மேசையிலேயே சமாதானமான கதையை எழுதினேன். அது நடந்ததுதான். "எதிர்த்தரப்பும் நம்பும் வழக்கறிஞர்" என்று ஒரு வரி போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாளும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பாஸ் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்திட்டார். கிராணி அக்கா அதை ஸ்கேன் செய்து அவருடைய மின்னஞ்சலிலிருந்து அனுப்பி வைத்தார். நகல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனது என் முட்டாள்தனம். அம்மா பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். நின்றபடியே படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன் பாஸ் ஒன்ன இவ்ளோ மதிக்கிறாரா? நீ சொன்னதே இல்லையே."

நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டேன். வேறென்ன செய்ய? அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாஸின் பெயருக்கு அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

சட்டத்துறையிலிருந்து சரி என்று பதில் வந்தது. கிராணி அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாஸ் கோர்ட்டு கேன்டீனில் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். மூன்று வாரம் கழித்து வணிகத்துறையிலிருந்து பாஸுக்கு ஒரு மின்னஞ்சல். பரிந்துரைத்தவர்களோடு தொலைபேசியில் பத்து நிமிடம் பேசுவது அவர்கள் வழக்கமாம். நாள், நேரம் குறித்திருந்தார்கள். இங்கே பிற்பகல் நான்கு மணி.

கடிதத்தின் நகலை அவர் மேசையில் வைத்து, "பாஸ், ஒரு தடவ படிச்சிடுங்க" என்றேன். அடுத்த நாளும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்த வாரம் ஷா ஆலம் கோர்ட்டில் அவருடைய வழக்கு ஒன்றின் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கடிதத்தின் மேல் ஒரு கோப்பு ஏறியது, அதன் மேல் இன்னொன்று ஏறியது. மூன்றாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"நோட்டு எடுத்துக்கிட்டு வா."

எங்கள் அலுவலகத்தில் எந்த முக்கியமான தொலைபேசி உரையாடலுக்கும் நான் எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதித் தேதி போட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

"பாஸ், இது என்னைப் பத்தின கால். நான் இருக்கக் கூடாது."

"அப்ப யாரு நோட்ஸ் எடுக்கிறது? உக்காரும்மா."

உட்கார்ந்தேன். அவர் ஒலிபெருக்கியைப் போட்டார். ஒரு பெண்ணின் குரல், மரியாதையான ஆங்கிலம். என்னை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டார். பாஸ் அழகாகப் பதில் சொன்னார். என் நேர்மை பற்றிக் கேட்டார். பாஸ் இன்னும் அழகாகச் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெண், கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் உணவகக் கூட்டாளிகளின் சமாதானம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா என்றார்.

பாஸ் என்னைப் பார்த்தார். அவருக்கு நினைவில்லை. நான் நோட்டில் பெரிய எழுத்தில் அந்த உணவகத்தின் பெயரை எழுதித் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுத் தொலைபேசியிடம் குனிந்தார்.

அதில் என்ன இருக்கிறதோ அது சரியாகத்தான் இருக்கும், அவள் அவ்வளவு கவனமானவள் என்றார்.

யார் என்று கேட்டது குரல்.

அவள்தான், அந்தக் கடிதத்தை எழுதியதே அவள்தான் என்றார் பாஸ். அவர் முகம் மலர்ந்திருந்தது. இந்த அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதுவது அவள்தான், இத்தனை வருடத்தில் அவள் எழுதியதில் நான் ஒரு கமாவைத் திருத்தியதில்லை, படிக்காமலேயே கையெழுத்துப் போடுவேன், என் சொந்த மகன் எழுதியதைக்கூட நான் அப்படிப் போட மாட்டேன் என்றார்.

அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த முதல் பாராட்டு அது. ஒரு சீனியர் ஒரு ஜூனியருக்குச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய பாராட்டும் அதுதான். கிள்ளானில் எந்த வழக்கறிஞரிடம் சொன்னாலும் என்னைத் தூக்கிக்கொண்டு போய் வேலை கொடுப்பார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினால் தொலைபேசியைத் துண்டித்துவிடலாம். நீட்டவில்லை. பழக்கத்தில் என் கை அதையும் எழுதிக்கொண்டிருந்தது. "கடிதத்தைத் தயாரித்தவர் விண்ணப்பதாரர் என்று பாஸ் தெரிவித்தார்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, நன்றி, இது எங்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது என்றது குரல்.

பாஸ் ஒலிபெருக்கியை அணைத்தார். "ஃபுல் மார்க்ஸ் குடுத்திட்டேன்மா. பாத்தில்ல?"

"பாத்தேன் பாஸ். ரொம்ப நன்றி" என்றேன். குறிப்பைத் தட்டச்சு செய்து, தேதி போட்டு, என் பெயரிலிருந்த கோப்பில் சேர்த்தேன்.

வணிகத்துறைக்கு ஒரு விளக்கம் எழுதிப் பார்த்தேன். எங்கள் ஊரில் இதுதான் நடைமுறை என்று எழுதினேன். விண்ணப்பத்தில் இருந்த தடையைப் படித்தும் மீறினேன் என்பதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. போடாமல் விட்டால் அது இன்னொரு பொய். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு அனுப்பாமல் விட்டேன். அந்தத் தொலைபேசி அழைப்பிலிருந்து ஒன்பதாம் நாள் வணிகத்துறையின் முடிவு வந்தது. வருந்துகிறோம் என்று இரண்டே வரி. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே சட்டத்துறையும், கூட்டுப் பட்டத்துக்கு இரு துறைகளின் ஒப்புதலும் தேவை என்பதால் தங்கள் பக்க இடமும் இல்லாமல் போகிறது என்று எழுதியிருந்தது. கோபப்படக்கூட எனக்கு ஆள் இல்லை. அவர் உண்மையைச் சொன்னார். அவர்கள் தங்கள் விதியைப் பார்த்தார்கள். மிச்சம் இருந்தது நான்தான்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அவ்ளோ நல்ல லெட்டர் குடுத்தும் வேணாம்னுட்டாங்களா?" என்றார்.

கிடைக்கவில்லை என்று மட்டும் பாஸிடம் சொன்னேன். அவர் அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் ஷா ஆலம் கோர்ட்டுக்கு அவர் காரில் போனோம். நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் ஃபோன்ல ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்ல பாஸ். நல்லாத்தான் சொன்னீங்க."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவர்களை முப்பது வருடமாக அப்படிப் பார்த்துப் பழகியவர். யார் எந்த இடத்தில் பொய் சொல்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை.