மேல்வீட்டு வசந்தியின் கொண்டை ஊசி

கனடாவில் இன்று பேத்தியின் கல்யாணம். போக என் முழங்கால் விடவில்லை. கம்ப்யூட்டரில் பார்க்கலாமென்று பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்தால், அது உயிரில்லாமல் கிடந்தது.

மேல்வீட்டு வசந்தியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. என் தீபாவளிப் பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தந்தவள்.

வந்தவள் கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்தாள். தன் கொண்டை ஊசியை வளைத்து, உள்ளே மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தாள்.

"ஐயோ பிள்ளை, கரண்ட்!"

"பயப்படாதேங்கோ அன்ரி, இது அடிக்காது. இப்பிடி இணைச்சா இதின்ரை விசிறி சுத்தோணும். சுத்தேல்லை, பாருங்கோ. பவர் சப்ளைதான் பழுது."

உயிர் போன இடத்தை ஓர் ஊசியால் கண்டுபிடித்தாளே!

ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரில் இருந்ததைக் கழற்றி வந்து பூட்டினாள். திரை விழித்தது. கெட்டிமேளம் கேட்டது.

தாலி ஏறும்போது என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். யாருடைய பேத்தி என்று நீங்களே சொல்லுங்கள்.