மாக்கு பார்த்துச் சொன்ன மணிகள்

கானா நாட்டு அகோமான்யா சந்தையில் மாக்குவிடம் வாயைக் கொடுத்து முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. புதனும் சனியும் மணிக்கடை வரிசையின் கோடியில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் நூல்கண்டோடு உட்கார்ந்திருப்பாள். யாராவது கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, இது பழசுதானே அக்கா என்று கேட்டுவிட்டால் முதலில் திட்டுதான் விழும். பழசு என்று நீயே முடிவு கட்டிவிட்டால் என்னிடம் உனக்கு என்ன வேலை, எழுந்து போ என்பாள். யாரும் போகமாட்டார்கள். அவள் அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. பக்கத்து ஊர்களான சோமான்யா, ஓடுமாசே வரைக்கும் தெரிந்த சங்கதி அது.

மணியின் அழகை அவள் பார்ப்பதே இல்லை. துளையைத்தான் பார்ப்பாள். வெனிஸ்காரர்கள் அந்தக் காலத்தில் கண்ணாடியை உருக்கிச் செம்புக் கம்பியில் சுற்றுவார்கள். பிறகு கம்பியை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள். துளை சுத்தமாக இருக்கும். இப்போது இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறதே, அந்தப் போலிகள் களிமண் பூசிய இரும்புக் கம்பியில் சுற்றியவை. துளைக்குள் வெள்ளையாக மண் அப்பியிருக்கும். துளைக்கு அடுத்தது தோல். பல கழுத்துகளில் கிடந்து உரசிய மணியின் தோல் மங்கி, பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். போலியின் தோல் மினுமினுக்கும். செக் நாட்டு அச்சு மணி என்றால் வயிற்றில் ஒரு கோடு ஓடும். சிவப்பு மணியை வெயிலில் பிடித்து, உள்ளே பச்சை தெரிந்தால் பாட்டனுக்குப் பாட்டன் காலம், வெள்ளை தெரிந்தால் அதற்குப் பிறகு வந்தது. இவ்வளவும் தெரிந்தவளுக்கு வெனிஸ் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அது தண்ணீருக்குள் கட்டிய ஊர் என்று ஒரு வியாபாரி சொன்னபோது, உன் மணி மாதிரியே உன் பேச்சும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இதெல்லாம் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டது. லாரி ஓட்டிக்கொண்டு லாகோஸ் பக்கம் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். கையில் இருந்ததையெல்லாம் போட்டு அவள் வாங்கிய முதல் சரமே போலி. அழுதுகொண்டு உட்காரவில்லை. அந்தச் சரத்தையே உருட்டி உருட்டிப் பார்த்து, போலி எப்படி இருக்கும் என்று படித்தாள். விற்றவளைச் சந்தை நடுவில் நிற்கவைத்து வைதாள், அவள் கடையை மாற்றிக்கொண்டு போகிறவரைக்கும் விடவில்லை.

ஆனால் அவளுடைய பெரிய கோபம் சந்தையில் இல்லை, வீட்டில் இருந்தது. அம்மா இறந்தபோது, அம்மாவின் மணிச்சரம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. பாட்டன்மார் பாமாயில் பீப்பாய்களை ஆற்றங்கரை வரை உருட்டிப்போய் விற்ற காலத்தில் குடும்பத்துக்குள் வந்த மணிகள் அவை. நடுவில் புறா முட்டை அளவில் ஒரு மஞ்சள் மணி. அதன் இரண்டு பக்கமும் முனையில் நட்சத்திரம் தெரியும் நீல மணிகள், அப்புறம் சிவப்பு, அப்புறம் கண் கண்ணாகப் புள்ளி வைத்த கறுப்பு. மூத்த மகள் மாக்கு. மணி தெரிந்தவளும் அவள்தான். அவளுக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவின் தம்பி நார்ட்டே, குடும்பத்துக்குப் பெரியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"மணி விக்கிறவ வீட்டுல வச்சா என்னைக்காவது ஒருநாள் அது சந்தைக்குப் போயிடும்."

அவ்வளவுதான். சரம் தம்பி சாக்கிட்டேயின் வீட்டுக்குப் போய், கட்டிலடித் தகரப் பெட்டியில் அடைந்தது. சாக்கிட்டேவுக்கு மணிக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாது. சொந்த அம்மாவின் மணியைக் காக்கத் தன்னை நம்பவில்லை என்ற ஆத்திரம் மாக்குவுக்கு வருஷக்கணக்கில் ஆறவே இல்லை.

அந்த ஆத்திரத்தில் பாதி தம்பி பெண்டாட்டி விதாவின் தலையில் விழுந்தது. விதா ஓடுமாசேயில் மணி செய்கிற குடும்பத்துப் பெண். பாட்டில்களை இடித்துத் தூளாக்கி, மண் அச்சில் கொட்டிச் சூளையில் வேகவைத்து, வெந்த மணிகளைக் கம்பியில் கோத்து, மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பார்கள். நல்ல மணிகள்தான், ஊரே போட்டுக்கொள்கிறது. மாக்கு மட்டும் அவர்களைப் பாட்டில் இடிக்கிறவர்கள் என்பாள். விதாவின் காதில் விழும்படியே சொல்வாள். விதா பதில் பேசமாட்டாள்.

அந்த வருஷம் விதாவின் மகள் டேடேவுக்கு டிபோ சடங்கு. தலை மழித்து, சடங்கெல்லாம் முடித்து, பெரியவளான பெண்ணை மணிகளால் மூடிச் சந்தை வழியாக ஆடவிட்டு அழைத்து வருவார்கள். ஊர்ப் பெண்களின் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். போலி போட்டுக்கொண்டு வந்தாள் என்று ஒருத்தி வாய் திறந்தால் போதும், கல்யாணப் பேச்சு வரைக்கும் அது கூடவே வரும். டேடே என்றால் மாக்குவுக்கு உயிர். அம்மாவின் சரத்தை அந்தப் பிள்ளையின் கழுத்தில் தன் கையால் கட்டவேண்டும் என்ற ஒரே ஆசையோடு, கடையைக்கூடத் திறக்காமல் காலையிலேயே சாக்கிட்டே வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

முற்றம் நிறையச் சொந்தக்காரர்கள். விதா ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்துச் சரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மணிகள் வெயிலில் டாலடித்தன.

மாக்கு சரத்தை எடுத்து மஞ்சள் மணியைக் கட்டைவிரலால் தடவினாள். அம்மாவின் கழுத்தில் மங்கிக் கிடந்த அந்தத் தோல் இல்லை, வழவழவென்று இருந்தது. அளவும் ஒரு பொட்டுக் குறைந்தாற்போல் பட்டது. நூலை ஒதுக்கித் துளையைப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக அப்பியிருந்தது. கறுப்பு மணி ஒன்றைப் பார்த்தாள். அதிலும் வெள்ளை. நீல மணிகளை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதை வேறு.

"எவ்வளவுக்கு வித்தே?" என்று கேட்டாள்.

விதாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னது அண்ணி?"

"எங்க அம்மா மணியை எவ்வளவுக்கு வித்தே? வெள்ளைக்காரனுக்கா, அக்ரா கடைக்காரனுக்கா?"

விதாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. விற்கவில்லை என்றாள். அழுக்கேறிக் கிடந்ததால் தன் அண்ணனிடம் கொடுத்துத் தேய்த்து வாங்கியதாகச் சொன்னாள். மாக்கு சிரித்தாள். தேய்த்து வாங்கினாளாம்! சந்தையில் சரத்தை மாற்றி மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் அவளிடம் சொன்ன பதில் அது. தேய்த்தேன், கழுவினேன், எண்ணெய் போட்டேன் என்று எத்தனை கதை கேட்டிருக்கிறாள். பிறகு வாய் திறந்தது, மூடவில்லை. விதாவைத் திருடி என்றாள். அவள் அண்ணனைத் திருடன் என்றாள். பாட்டில் இடிக்கிற கைக்கு வெனிஸ் மணி கிடைத்தால் இதுதான் நடக்கும் என்றாள். நார்ட்டே பக்கம் திரும்பி, "என் வீட்டுல தங்காதுன்னீங்களே சித்தப்பா, இங்க தங்கின லட்சணத்தைப் பாருங்க" என்றாள். இத்தனை வருஷமும் அடக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

பிள்ளை சந்தைக்குப் போய் வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சாக்கிட்டே கெஞ்சினான். நார்ட்டே விடவில்லை. இத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னால் நிரூபிக்கவேண்டாமா என்று கேட்டார்.

"நிரூபிக்கிறேன். அம்மாவோட மஞ்சள் மணிக்கு மேல் தோல்தான் மஞ்சள், உள்ளே வெள்ளை. இது போலி. உள்ளேயும் மஞ்சளாத்தான் இருக்கும்."

அவள் நூலை அறுத்தாள். மணிகள் தட்டில் சிதறின. மஞ்சள் மணியை எடுத்து, அடுப்படி வாசலில் கிடந்த மிளகாய்க் கல்லில் வைத்தாள். விதா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அண்ணி. துளைக்குள்ள இருக்கிறது தேய்ச்ச மணலு. கழுவிட்டுப் பாருங்க."

கழுவினால் போதும். சந்தைக்கு வந்த முன்பின் தெரியாதவர்களின் மணிகளையெல்லாம் கழுவிப் பார்த்துத்தான் அவள் சொல்வாள். கழுவாமல் ஒரு மணிக்கும் பேர் சொன்னதில்லை. பாவி, அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. விதாவின் கையை உதறிவிட்டுக் குழவியை ஓங்கிப் போட்டாள்.

மணி இரண்டாகவும், சில பொடிகளாகவும் உடைந்தது. மேலே மெல்லிய மஞ்சள். உள்ளே பால் வெள்ளை. துளையின் சுவர் நடுவாகப் பிளந்து தெரிந்தது. மணல் உதிர்ந்த இடத்தில், தலைமுறை தலைமுறையாக நூல் உரசி உரசி ஒரு பக்கமாக விழுந்த பள்ளம், எண்ணெய்க் கறையோடு பழுப்பாக இருந்தது. எந்தச் சூளையிலும் எந்தக் கல்லிலும் அந்தப் பள்ளத்தை உண்டாக்க முடியாது. மாக்குவைவிட அது யாருக்கு நன்றாகத் தெரியும்? அம்மாவின் மணி. அவளே உடைத்துவிட்டாள்.

 மணியைப் பற்றி ஒன்றும் தெரியாத சாக்கிட்டேகூட வெள்ளையைப் பார்த்துவிட்டான். அறை வாசலில் வெள்ளைத் துணி உடுத்தி நின்ற டேடே அழ ஆரம்பித்தாள்.

"தேய்க்கலாமாடி அதை?" என்றாள் மாக்கு. கோபமாகத்தான் சொல்லப் பார்த்தாள், கெஞ்சலாக வந்தது. "அதோட வயசையே தேய்ச்சுட்டியே."

"தப்புதான்" என்றாள் விதா. "எங்க வீட்டுல மங்கின மணின்னா வேலை முடியாத மணி. பிள்ளை கழுத்துல பளிச்சுன்னு இருக்கட்டும்னு செஞ்சேன். ஏன் தேய்ச்சேன்னு கேட்டிருந்தா உங்க கால்ல விழுந்திருப்பேன். நீங்க எவ்வளவுக்கு வித்தேன்னுதானே கேட்டீங்க?"

 மாக்குவுக்குத் தெரிந்த அத்தனை வசவிலும் அந்த இடத்துக்கு ஒன்றுகூட உதவவில்லை. விதா உள்ளே போய் ஒரு சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, தளும்பத் தளும்ப அவள் முன்னால் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த நாத்தனாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள், முற்றம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"போலின்னு நீங்க கத்தினதை இத்தனை பேர் கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். என் பொண்ணு இதைப் போட்டுக்கிட்டு எப்படிப் போவா? ஒவ்வொண்ணாக் கழுவுங்க. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. அதே மாதிரி கத்திச் சொல்லுங்க."

மாக்கு உட்கார்ந்தாள். நீல மணியைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்து, துளையில் துடைப்பக் குச்சியை விட்டுச் சுத்தம் செய்தாள். முனையைத் திருப்பி நட்சத்திர அடுக்குகளைப் பார்த்தாள். பாமாயில் காலத்துக்கும் ரொம்ப முந்தியது, அசல் என்றாள். சத்தமாகச் சொல்லச் சொன்னாள் விதா. சத்தமாகச் சொன்னாள். சிவப்பை வெயிலில் பிடித்தாள். உள்ளே பச்சை. அசல். அடுத்த சிவப்பு, உள்ளே வெள்ளை, பாட்டன் வாங்கியதாக இருக்கும், அசல். கறுப்பு, துளை சுத்தம், அசல். ஒவ்வொரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லும்போதும், திருடி என்று தான் கத்தியது அவளுக்குத் திரும்பக் கேட்டது.  நார்ட்டே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் புது நூலில் கோத்து முடிச்சுப் போட்டாள். நடுவில் மஞ்சள் இருந்த இடத்தில் இரண்டு நீல மணிகளை நெருக்கி வைத்தாள். எழுந்திருக்கப் போனவளை விதா விடவில்லை. மிளகாய்க் கல்லிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் வைத்து, அவள் மடியில் வைத்தாள்.

"இதையும் சொல்லுங்க அண்ணி."

மாக்கு துண்டுகளையே பார்த்தாள். 

"அசல்" என்றாள்.

விதா சரத்தை அவள் கையிலிருந்து வாங்கி, மகளைக் கூப்பிட்டு, தானே கட்டினாள்.